வத்தல் துணியும் பிக்காஸோவின் புறாவும்

"மார்க்ஸ் சமாதிக்குப் போயிட்டு வந்தியாப்பா?"

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் அப்பாவின் முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டியா, குளிருதா, ஸ்வெட்டர் போட்டியா எல்லாம் அம்மா டிபார்ட்மென்ட். நான் லண்டன் வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் ஹைகேட் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

காரணம் இருக்கிறது. நான் இருப்பது சட்டனில். 'லண்டன்ல படிக்கிறான்' என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாமே தவிர, இது தெற்கே ஒரு ஓரம், ஐந்தாவது சோன். மார்க்ஸ் படுத்திருப்பது வடக்கே. தாம்பரத்தில் இருக்கிறவனிடம் "ஏம்ப்பா எண்ணூர் போகல?" என்று கேட்கிற மாதிரி. அதுபோக, அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் போக டிக்கெட் வாங்க வேண்டும். மார்க்ஸைப் பார்க்கக் காசு கேட்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "முதலாளித்துவம்ப்பா" என்றார். :-)

இதெல்லாம் சாக்கு. உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு சண்டை. கல்விக் கடனுக்கு ஜாமீன் போட ஆள் தேடி அலைந்த நேரம். "முப்பது வருஷம் கட்சி கட்சின்னு திரிஞ்சீங்களே, அந்தக் கட்சி உங்களுக்கு என்ன செஞ்சுது? நீங்க வரைஞ்ச ஒரு படத்தக்கூட மாட்ட மாட்டேன்னுட்டாங்க" என்று கேட்டுவிட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்தப் படத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் பேசினேன். அதற்கப்புறம் மார்க்ஸ் சமாதி என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டை மாட்டுகிற காட்சிதான் ஞாபகம் வரும்.

சரி, அந்தப் படம் என்ன கதை?

*

சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அப்பாவுக்குத் தொழில் போர்டு எழுதுவது. கடை போர்டு, லாரி நம்பர், தேர்தல் வந்தால் சுவர் எழுத்து. கட்சிக்கு மட்டும் காசு வாங்க மாட்டார். (எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், சிவப்புக் கொடி. நம்ம ஊரில் அதிலும் ரெண்டு மூணு இருப்பதால் யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம்.) சின்ன வயதில் சோவியத் நாடு பத்திரிகையின் வழவழ தாளில் நோட்டுக்கு அட்டை போட்டவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. அப்பா அட்டை போடவில்லை, பார்த்து வரைந்தார். டிராக்டர் ஓட்டும் பெண், கோதுமைக் கட்டு, நெஞ்சு நிமிர்த்திய தொழிலாளி. மே தின மேடைக்குப் பின்னால் கட்டுகிற பேனரில் சங்கிலியை உடைத்துக்கொண்டு நிற்கிற ஆள் வருஷா வருஷம் அப்பா கையில்தான் பிறப்பார். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைப் புறா.

1992 மே தினம். முந்தின டிசம்பரில்தான் சோவியத் யூனியன் இல்லாமல் போயிருந்தது. கட்சி ஆபீஸில் எல்லாரும் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தார்களாம். அப்பாவுக்கு 25 வயசு. இந்த வருஷம் அந்தச் சங்கிலி ஆசாமி வேண்டாம் என்று அவராக முடிவு பண்ணி, பன்னிரண்டடி காடாத் துணியில் வேறு ஒன்று வரைந்தார். தீப்பெட்டி ஆபீஸில் உட்கார்ந்து குச்சி அடுக்குகிற பெண். முகம் சின்னது, முக்கோணமாக, இரண்டு கண்ணும் ஒரே பக்கம். துணியில் பாதியை இரண்டு கைதான் அடைத்துக்கொண்டிருந்ததாம். விரல் ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. குச்சிகள் வரிசை வரிசையாக, ஊர்வலம் போவது போல. எங்கே பார்த்து அப்படி வரைந்தார் என்று கேட்டால், லைப்ரரியில் ஏதோ பழைய சிறுபத்திரிகை அட்டையில் பார்த்ததாகச் சொல்வார்.

மேடை கட்டும்போது பொறுப்பில் இருந்த தோழர் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அப்பா தோளில் கை போட்டு, "தோழர், நல்லாத்தான் இருக்கு. ஆனா தொழிலாளிக்குப் புரியாது" என்றார். போன வருஷத்துச் சங்கிலி ஆசாமியைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கட்டினார்கள். புதுத் துணியைச் சமையல் பந்தலுக்கு மேலே வெயில் மறைக்கப் போட்டார்கள்.

இவ்வளவுதான் கதை. யாரும் யாரையும் திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் அப்பா உருவம் வரைவதை விட்டுவிட்டார். எழுத்து மட்டும் எழுதினார். கடைசி வரை எழுத்துதான். பின்னால் பிளெக்ஸ் வந்து எழுத்தையும் கொண்டு போயிற்று. இதெல்லாம் சித்தப்பா சொல்லி எனக்குத் தெரியும். அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தத் துணியை எனக்குத் தெரியும். எங்கள் மொட்டை மாடியில் கூழ் வத்தல் காயப்போடுவது அதில்தான். எனாமல் பெயிண்ட் போகாதே. அடிப்பக்கம் பழுப்பும் நீலமுமாக ஏதோ இருக்கும். நான் அதை மேகம் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

*

போன வியாழக்கிழமை கிளாஸ் இல்லை. சட்டனிலிருந்து தேம்ஸ்லிங்க் ரயில் பிடித்தேன். விம்பிள்டன், டூட்டிங் என்று சுற்றிக்கொண்டு போகும் மெதுவான ரயில். அதில் ஒரு விசேஷம் பாருங்கள். பிளாக்ஃபிரையர்ஸில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் டேட் மாடர்ன். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அதற்கடுத்த அடுத்த ஸ்டேஷன் ஃபாரிங்டன், அங்கே மார்க்ஸ் நினைவு நூலகம். ஒரே டிக்கெட், இரண்டு ஸ்டேஷன் இடைவெளியில் மாடர்ன் ஆர்ட்டும் கம்யூனிசமும். இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வாய்க்கால் தகராறு இருபதாம் நூற்றாண்டு பூராவும் தீரவில்லை. என் உள்நோக்கம் ஒன்றுதான். ஆதாரம் சேர்த்து அப்பாவிடம் 'பாத்தீங்களா, நான் சொன்னது சரிதான்' என்று நிரூபிக்க வேண்டும்.

முதல் சாட்சியாக நான் நினைத்து வைத்திருந்தவர் எஃப். என். சூசா. கோவாக்காரர், 1924-ல் சாலிகாவ் கிராமத்தில் பிறந்தவர். பம்பாய் ஜே. ஜே. ஓவியப் பள்ளியிலிருந்து 1945-ல் வெளியே தள்ளப்பட்டார். பிறகு கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கோவாவின் ஏழைகளையும் அவர்கள் மேல் உட்கார்ந்திருப்பவர்களையும் வரைந்தார், தொழிலாளர்கள் குடியிருக்கும் பகுதிகளுக்குப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினார். கட்சிப் பத்திரிகையும் பாராட்டியது. 1947-ல் ஹுசைன், ரஸா, ஆரா, காடே, பாக்ரே ஆகியோரோடு முற்போக்குக் கலைஞர்கள் குழுவை ஆரம்பித்தார். அந்த 'முற்போக்கு' என்ற வார்த்தைக்கும் லண்டனுக்கும்கூடச் சொந்தம் உண்டு. அதற்குப் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் முன்னால் முல்க் ராஜ் ஆனந்த், சஜ்ஜாத் ஸாஹீர் போன்ற இந்திய மாணவர்களும் எழுத்தாளர்களும் இங்கே டென்மார்க் தெருவில் ஒரு சீன ஹோட்டலில் உட்கார்ந்துதான் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டார்கள். (பிள்ளையார் சுழி என்று எழுதியதற்குத் தோழர்கள் மன்னிக்க.)

ஆனால் சூசாவுக்கும் கட்சிக்கும் ஒத்துப்போகவில்லை. இப்படி வரை, அப்படி வரை என்று சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. 1949-ல் குழுவின் முதல் கண்காட்சிக் கையேட்டிலேயே பழைய இடதுசாரி வேகத்தைக் கைவிட்டதாக எழுதிவிட்டார். அதே வருஷம் அவருடைய நிர்வாண சுயசித்திரம் ஆபாசம் என்று போலீஸ் வரை போனது. மனிதர் லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

அவருடைய 'சிலுவையேற்றம்' என்ற 1959-ம் வருஷப் படம் டேட் வசம் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன். எல்லா மாடியும் ஏறி இறங்கிவிட்டு ஒரு ஊழியரிடம் கேட்டேன். அவர் கருவியில் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு மாட்டியில்லை, சேமிப்புக் கிடங்கில் இருக்கிறது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா படமும் மாட்டவில்லை, சூசா படமும் மாட்டவில்லை. கட்சிக்கும் மியூசியத்துக்கும் என்ன வித்தியாசம்?

டர்பைன் ஹாலில், ஒரு காலத்தில் மின்சாரம் தயாரித்த அந்த ராட்சதக் கூடத்தில், சரிவுத் தரையில் உட்கார்ந்து, லைப்ரரியில் எடுத்த புத்தகத்திலேயே சூசாவைப் பார்த்துக்கொண்டேன். கறுப்புக் கோடு, ஆணி அடித்த மாதிரி கண்கள், முள் முள்ளாக விரல்கள்.

அந்தப் புத்தகத்தில்தான் என் கேஸ் கொஞ்சம் ஆட்டம் கண்டது. லண்டனில் முதல் ஐந்தாறு வருஷம் சூசாவை யாரும் சீந்தவில்லை. மனைவி மரியாவின் சம்பாத்தியத்தில் குடும்பம் ஓடியது. 1955-ல் விடிவு வந்தது. கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர் ஆசிரியராக இருந்த 'என்கவுண்டர்' பத்திரிகை சூசாவின் சுயசரிதைக் கட்டுரையைப் போட்டது. அந்த வருஷமே கேலரி ஒன்னில் தனிக் கண்காட்சி, படங்கள் விற்றுத் தீர்ந்தன. ஸ்பெண்டரும் முப்பதுகளில் கொஞ்ச நாள் கம்யூனிஸ்டாக இருந்து விலகியவர்தான். நல்லது. ஆனால் என்கவுண்டருக்குப் பணம் வந்த வழி? கலாச்சார சுதந்திரத்துக்கான காங்கிரஸ் என்ற அமைப்பு. அந்த அமைப்புக்கு? சிஐஏ. 1966, 67-ல் இது அம்பலமாகி, தனக்குத் தெரியாது என்று சொல்லி ஸ்பெண்டர் ராஜினாமா செய்தார்.

அதாவது, 'இப்படித்தான் வரைய வேண்டும்' என்று சொன்ன கட்சியை விட்டு ஓடிவந்தவருக்கு முதல் மேடை போட்டுக் கொடுத்தது, அவருக்கே தெரியாமல், அமெரிக்க உளவுத்துறைப் பணம். வேடிக்கை இன்னொன்று: அந்தக் கண்காட்சியைப் பற்றி நியூ ஸ்டேட்ஸ்மேனில் அக்கறையோடு எழுதியது ஜான் பெர்ஜர், ஊரறிந்த மார்க்சியர். அவருக்கும் சூசாவை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை, ஆனாலும் படங்களின் பலத்தை ஒப்புக்கொண்டார். 1959 தொடக்கத்தில் அமெரிக்க அரூப ஓவியங்களின் பெரிய கண்காட்சி ஒன்று இதே டேட்டுக்கு வந்தது (அப்போது மாடர்ன் கிடையாது, மில்பாங்கில் இருக்கும் பழைய கட்டிடம்). ரஷ்யாவில் ஓவியன் கட்டளைக்கு வரைகிறான், எங்களிடம் பார் எப்படி இஷ்டத்துக்குப் பெயிண்டை ஊற்றுகிறான் என்று காட்டுவது பனிப்போர்க் காலத்தில் ஒரு உத்தி. அதில் சிஐஏயின் கை எவ்வளவு நீளம் என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பொல்லாக்கும் ராத்கோவும் யார் சொல்லியும் வரையவில்லை என்பது நிச்சயம். ஆனால் சுதந்திரமாக வரைந்த படத்தையும் யாரோ ஒருவர் தன் பேனராகக் கட்டிக்கொள்ள முடியும் என்பதும் நிச்சயம்.

இதை அப்பாவிடம் சொன்னால் அவர்தானே ஜெயிப்பார்? புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன்.

*

ஃபாரிங்டனில் இறங்கி ஐந்து நிமிஷ நடை, கிளார்க்கன்வெல் கிரீன். பெயரில்தான் பச்சை. மார்க்ஸ் நினைவு நூலகம் பார்க்கப் பழைய பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். 1738-ல் வேல்ஸ் நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளிக்கூடமேதான் அது. 1902, 03-ல் லெனின் இங்கே உட்கார்ந்துதான் 'இஸ்க்ரா' பத்திரிகையைக் கொண்டுவந்தார். 1933-ல் ஜெர்மனியில் நாஜிகள் புத்தகங்களை எரித்தபோது, இங்கே பதிலுக்கு நூலகம் திறந்தார்கள். எனக்குப் பிடித்த பதில் இது.

மாடியில் ஒரு சுவர் ஓவியம். 1935-ல் வரைந்தது. நடுவில் வெற்று மார்போடு ஒரு பிரம்மாண்டமான தொழிலாளி. சுற்றிலும் முதலாளித்துவக் கட்டிடங்கள் சரிகின்றன. பக்கத்தில் மார்க்ஸ், லெனின். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, இது நம்ம சங்கிலி ஆசாமி! கோவில்பட்டி மே தின மேடையில் வருஷா வருஷம் நின்றவர், கொஞ்சம் வெள்ளைத் தோலோடு இங்கே நிற்கிறார். வரைந்தவர் ஜாக் ஹேஸ்டிங்ஸ், ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை. மெக்சிகோவின் டியகோ ரிவேராவிடம் வேலை கற்றவர்.

அந்த ரிவேரா கதை தெரியுமில்லையா? 1933-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டரில் அவர் வரைந்த சுவரில் லெனின் முகம் வந்துவிட்டது. எடு என்றார்கள், மாட்டேன் என்றார். வேலையை நிறுத்தி, 1934 பிப்ரவரியில் சுவரையே இடித்துவிட்டார்கள். முதலாளித்துவம் இப்படித்தான் என்று கை தட்டலாம். ஆனால் 1929-லேயே மெக்சிகோ கம்யூனிஸ்ட் கட்சி அதே ரிவேராவை வெளியேற்றியிருந்தது. 1954-ல்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கிய மத்தளம்.

அங்கே நின்றுகொண்டு யோசித்தேன். 'தொழிலாளிக்குப் புரியாது' என்ற வாக்கியம் எங்கே பிறந்தது? புரட்சி நடந்த புதிதில் ரஷ்யாவில் அப்படி இல்லை. 1917-க்குப் பிறகு புரட்சிக்கு முதலில் போஸ்டர் போட்டது சதுரம் வட்டம் கோஷ்டிதான். லிசிட்ஸ்கி வெள்ளை வட்டத்தைச் சிவப்பு முக்கோணம் குத்துவது போல வரைந்ததற்குப் பெயரே 'சிவப்பு ஆப்பால் வெள்ளையரை அடி'. டாட்லின் சாய்ந்த கோபுரம் ஒன்றுக்கு மாதிரி செய்தார். ரோட்சென்கோ, போப்போவா எல்லாரும் துணி டிசைன், புத்தக அட்டை என்று இறங்கினார்கள். மாடர்ன் ஆர்ட்டும் கம்யூனிசமும் காதலித்த காலம் அது. 1932-ல் எல்லாக் கலைக் குழுக்களையும் ஒரே அரசாணையில் கலைத்தார்கள், 1934-ல் சோசலிச யதார்த்தவாதம் என்று ஒரே பாதை போட்டார்கள். கறுப்புச் சதுரம் வரைந்த மாலெவிச், 1930-ல் கைதாகி விசாரிக்கப்பட்டு, 1935-ல் செத்துப்போனார். மக்கள் கேட்டார்கள் என்பதுதான் சொன்ன காரணம். எந்த மக்கள், எப்போது கேட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்காக யதார்த்த ஓவியம் என்றாலே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 1943 வங்கப் பஞ்சத்தில் கட்சி அனுப்பி மிதினாப்பூர் ஊர் ஊராக நடந்து சித்தப்ரசாத் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பாருங்கள். எலும்பும் தோலும், ஒரு கோடு அதிகம் கிடையாது. அவர் 'பசித்த வங்காளம்' என்று புத்தகம் போட்டபோது பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பிடுங்கி எரித்தது. புரியாத படத்தை யாராவது எரிப்பார்களா? சோம்நாத் ஹோரும் அப்படி வந்தவர்தான். கட்சி இல்லையென்றால் இந்தப் படங்கள் இல்லை. ஆனால் அதே சித்தப்ரசாத் 1948-க்குப் பிறகு கட்சியின் போக்கு மாறியபோது மெல்ல ஒதுங்கிப்போனார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

*

என் கேஸுக்கு நல்ல ஆதாரம் கடைசியில் கிழக்கு லண்டனில் கிடைத்தது. 1939 ஜனவரி, வொயிட்சேப்பல் கேலரி. பிக்காஸோவின் 'குவெர்னிகா' அங்கே வந்தது. குண்டு விழுந்த ஊர், அலறும் குதிரை, செத்த பிள்ளையோடு தாய். இரண்டு கண்ணும் ஒரே பக்கம்! திறந்து வைத்தது தொழிற்கட்சித் தலைவர் அட்லீ. சுற்றிலும் கப்பல்துறை, தையல் பட்டறைத் தொழிலாளிகள் வசிக்கும் பகுதி. முந்தின அக்டோபரில் மேற்கு லண்டன் பணக்காரத் தெருவில் வைத்தபோது வந்ததைவிட இங்கே கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஸ்பெயினில் போராடுகிறவர்களுக்கு அனுப்ப பூட்ஸ் கொண்டுவந்து படத்துக்குக் கீழே வைத்தார்கள். புரிந்ததா புரியவில்லையா தெரியாது. பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று, இதுதான் என்னை உலுக்கியது. அப்பா வருஷா வருஷம் பேனர் மூலையில் வரைந்த வெள்ளைப் புறா. 1949 ஏப்ரலில் பாரிஸில் உலக சமாதான மாநாடு நடந்தது. போஸ்டருக்குப் படம் வேண்டுமென்று கவிஞர் அரகோன் பிக்காஸோவின் பட்டறைக்குப் போய், கிடந்த அச்சுப் படங்களில் ஒரு புறாவை எடுத்துக்கொண்டு வந்தார். மாத்தீஸ் பிக்காஸோவுக்குக் கொடுத்த புறாவாம் அது. அங்கிருந்து அது உலகம் பூராவும் பறந்து, சிவப்புக் கொடி இருக்கும் ஊரெல்லாம் போய், கடைசியில் கோவில்பட்டியில் என் அப்பா கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 1950-ல் ஷெஃபீல்ட் சமாதான மாநாட்டுக்கு வந்த பிக்காஸோ, லண்டனில் விஞ்ஞானி பெர்னால் வீட்டுச் சுவரிலும் கிறுக்கிவிட்டுப் போனார். அந்தச் சுவர்த் துண்டு இப்போது வெல்கம் கலெக்‌ஷனிடம் இருக்கிறது.

பிக்காஸோ 1944-ல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து 1973-ல் சாகும்வரை உறுப்பினர். மாஸ்கோவுக்கு அவருடைய புறா வேண்டும், ஓவியம் வேண்டாம். ஓவியங்கள் 'சீரழிவு' என்று தள்ளிவைத்தார்கள். 1953-ல் ஸ்டாலின் இறந்தபோது அவர் வரைந்த ஸ்டாலின் முகம், மரியாதையாக இல்லை என்று கட்சியே கண்டித்தது. ஆனாலும் அவர் விலகவில்லை.

அப்பாவும் விலகவில்லை.

*

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை இல்லை என்பதால் பயந்துவிட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, குவெர்னிகா, பூட்ஸ், புறா எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். "உங்க படத்த புரியாதுன்னு சொன்னாரே, அதே பேனர்ல இருந்த புறா பிக்காஸோதுப்பா. அது மட்டும் தொழிலாளிக்குப் புரிஞ்சுதாமா?"

அப்பா சிரித்தார். "புறா அவரு போட்டதா? எனக்கு ரஷ்யாக்காரன் போட்டதுன்னு நெனப்பு."

பிறகு சொன்னார். "இங்க பாரு. அந்தத் தோழரு எமர்ஜென்சில அடி வாங்கின மனுஷன். காது ஒண்ணு கேக்காது அவருக்கு. கட்சியே போச்சோன்னு இருக்கிற நேரத்துல, பழகின படம் ஒண்ணு கண்ணு முன்னால வேணும்னு நெனச்சிருப்பாரு. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன்ப்பா வரையறத விட்டீங்க?"

கொஞ்சம் நேரம் கழித்து: "புரியாதுன்னு அவரு சொன்னாரு. புரியும்னு நான் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸ்ல அன்னிக்கு முந்நூறு பொம்பளைங்க வேல பாத்தாங்க. வந்து பாருங்கம்மா, எப்படி இருக்குன்னு அவரும் கேக்கல, நானும் கேக்கல. அது எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. அதுக்கு மேல தூரிகை எடுக்கக் கூச்சமா இருந்துச்சு."

நான் எட்டு மாதமாகக் கட்டி வைத்திருந்த கேஸ் அங்கே முடிந்தது. அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர், "அம்மாட்ட பேசு" என்று போனைக் கொடுத்துவிட்டார்.

எனக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருஷம் தீப்பெட்டி ஆபீஸ். 1992-ல் அந்த முந்நூறு பேரில் ஒருத்தி. முப்பது வருஷத்துக்கு மேல் அதே துணியில் வத்தல் போடுகிறாள். அவளிடமும் நாங்கள் இரண்டு பேரும் கேட்டதில்லை.

"அம்மா, அந்தப் படம் உனக்குப் புரிஞ்சுதா?"

"எந்தப் படம்?"

"வத்தல் துணி."

"அதா? புரியறதுக்கு என்னய்யா இருக்கு. நாள் முச்சூடும் குனிஞ்சு குச்சி அடுக்குனா கை மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியும். அப்படித்தான் போட்டிருக்காரு. மூஞ்சிய மட்டும் இன்னும் கொஞ்சம் லட்சணமா போட்டிருக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்கப்பாட்ட சொல்லிராத" என்றாள்.

பின்னால் அப்பா, "எல்லாம் கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றார்.

*

நேற்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருக்கிறது. மொட்டை மாடித் தரையில் அந்தத் துணியைத் திருப்பிப் போட்டு எடுத்திருக்கிறார்கள். மூலையில் அம்மாவின் கால் விரல். பெயிண்ட் பாதி உரிந்து, கூழ் கறை ஏறி, முகம் இருந்த இடம் சுத்தமாகப் போய்விட்டது. கை மட்டும் இருக்கிறது. இருபத்து நாலு வருஷமாக நான் மேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது கட்டை விரல்.

கீழே அப்பாவின் செய்தி: "ஹைகேட் எப்ப போற?"

டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை.

பி.கு: அடுத்த மாதம் ஊருக்குப் போகும் நண்பர் ஒருவரிடம் தூரிகை செட் ஒன்று கொடுத்து அனுப்பலாமென்று இருக்கிறேன். அப்பா எடுப்பாரா தெரியாது. எடுத்தால், மூஞ்சியை லட்சணமாகப் போடச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்பாள். :-)